காது வைத்த கோட்டு

பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிற என் அத்தானே கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்கிற ஒருவரையாவது பிடித்து, என் அக்கா வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தின் நடைக்கூடத்தில், அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, நண்டும் சிண்டுமாக அத்தனையையும் அவர் மேல் அவிழ்த்துவிட்டு, "இந்தா, எல்லாரையும் மழைக்குத் தயார் பண்ணு" என்று சொல்லிக் கதவை வெளியே தாழ் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒருவனுக்கு ஸ்வெட்டரில் தலையை நுழைப்பதற்குள் இன்னொருத்தி பூட்ஸைக் கழற்றி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். கடைசிப் பிள்ளைக்கு ஜிப் போடும்போது முதல் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து அழும். எல்லாம் முடிந்து கதவைத் திறக்கப் போனால் ஒருவனுக்கு ஒன்றுக்கு வரும். அவனைக் கூட்டிப் போய் வருவதற்குள் வெளியே மழை நின்று வெயில் சுள்ளென்று அடிக்கும். உரி எல்லாவற்றையும். உரித்து முடித்தால் ஊதக்காற்று. எங்கள் ஊர் அப்படி. மேலே மலை, கீழே கடல். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் ஓரகத்திகள் மாதிரி நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். நடுவில் நனைவது பிள்ளைகள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பத்தாம் வகுப்பும் நானும் ஒருவரையொருவர் பிடிக்காமல் பிரிந்த பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்த சலவைக் கடையின் பின்பக்கம்தான் காப்பகத்தின் முற்றம். நடுவில் ஒரு கம்பி வேலி. நனைந்த குட்டிக் கோட்டுகளை அக்கா வேலிக்கு மேலே தூக்கி எறிவாள். நான் டிரையரில் காயவைத்துத் திருப்பி எறிவேன். சில நாள் பையில் ஒரு பிளாஸ்டிக் பல்லியை வைத்து எறிவேன். அக்கா அலறுவாள். பிள்ளைகள் பல்லிக்குக் கோட்டு போட்டு விளையாடுவார்கள்.

அக்காவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஜிப்பக்கா. பொருத்தமான பெயர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஜிப் தைக்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு வரும், ஜிப் தைப்பாள், கோட்டு போய்விடும். யார் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. "இப்பத்தான்டி கோட்டுக்குள்ள ஆள் இருக்கு" என்று காப்பகத்தில் சேர்ந்த வாரம் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்தது அவள் பெண் பிறந்த அன்றுதான்.

அக்கா பிள்ளைகளைக் கிளப்புகிற அழகைப் பார்க்க வேண்டும். கோட்டுகளையெல்லாம் தரையில் மல்லாக்க விரிப்பாள், கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்மாட்டில் இருக்கும்படி. பிள்ளை குனிந்து இரண்டு கையையும் கோட்டின் கைகளுக்குள் விட்டு, "ஒண்ணு, ரெண்டு, பற!" என்றதும் தலைக்கு மேலே வீசும். கோட்டு தானாக முதுகில் வந்து விழும். பாதிப் பேருக்குத் தலைகீழாக விழும், அது வேறு விஷயம். ஆனாலும் தானே போட்டுக்கொண்ட திமிரில் ஒவ்வொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

முற்றத்தில் அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. காய்ந்த கோட்டு எதுவோ, அது வெளியே போகிற பிள்ளைக்கு. எல்லா வீட்டிலும் நல்ல மழைக்கோட்டு வாங்கித் தருவதில்லை. சிலர் அலங்காரத்துக்கு வாங்கியது போல மெல்லிசாக ஒன்றை அனுப்புவார்கள், தூறலுக்கே தெப்பமாகிவிடும். அதனால் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, முதல் அணி விளையாடிவிட்டு வந்து கழற்றிய கோட்டில் உலர்ந்ததை இரண்டாம் அணி மாட்டிக்கொண்டு போகும். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. வீட்டுக்குப் போகும்போது அவரவர் கோட்டு அவரவர் முதுகில் ஏறிவிடும்.

காப்பகத்தை நடத்துகிற மேடமும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

அக்காவின் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். உருவத்தில் சிறிசு, குணத்தில் காரம். மிளகாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். வேலைக்குச் சேரும்போதே மேடம் சொல்லிவிட்டார், "பிள்ளையைக் கூட்டிட்டு வா, வேணாங்கல. ஆனா உன் பிள்ளைன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, இவ தன் பிள்ளையைத்தான் கவனிப்பா, நம்ம பிள்ளையைக் கவனிக்க மாட்டாம்பாங்க." அதனால் வாசலுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் ஜிப்பக்கா. இரண்டரை வயசுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் கற்றுக்கொண்டாள். எனக்குப் பதினாறு வருஷமாக யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை, இந்தக் குருவி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. விழுந்து முட்டி பெயர்ந்தால்கூட "ஜிப்பக்கா" என்றுதான் அழும். வாசல் தாண்டிய மறு நொடி "அம்மா" என்று மிச்ச அழுகையை அழும்.

இனி காதுக்கோட்டுக்காரரைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பையன் கொழுகொழுவென்று உருண்டை. குண்டுமணி என்போம். இன்னும் பேச்சு வரவில்லை, கை காட்டுவான், சிரிப்பான், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, தலையை மூடும் தொப்பியில் கரடிக்கு இருப்பது போல இரண்டு காது. ஊரிலேயே அது ஒன்றுதான். அப்பாக்காரர் மாலையில் வருவார். காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி விளக்கைக் கண் சிமிட்ட விட்டு, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு காதும் எங்கே தெரிகிறதோ அங்கே போய் அள்ளித் தூக்கிக்கொண்டு போவார். பையன் இன்று சாப்பிட்டானா, தூங்கினானா, விழுந்தானா, ஒரு வார்த்தை கிடையாது. மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்குகிறவர்கூட ஒரு முறை தட்டிப் பார்ப்பார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானத்துக்குப் பைத்தியம். மதியம் இரண்டாம் அணி கிளம்பும்போது தூறல். மிளகாயின் கோட்டு என் டிரையரில் சுற்றிக்கொண்டிருந்தது. குண்டுமணி முதல் அணியில் விளையாடிவிட்டு வந்துவிட்டதால் காதுக் கோட்டு காய்ந்து கிடந்தது. அதை மிளகாய் போட்டுக்கொண்டு போனாள். சேற்றில் குதித்தாள், என்னைப் பார்த்துக் கரடி மாதிரி உறுமினாள், களைத்துப் போய் உள்ளே வந்து வாசலோரப் பெஞ்சில் அப்படியே சுருண்டு தூங்கிவிட்டாள். தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது.

எழுப்பிக் கழற்றலாம் என்று அக்கா போனபோது, குண்டுமணி குடிதண்ணீர்ப் பானையைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்குக் கால்சட்டை மாற்ற அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

மழை வலுக்கும் என்று காதுக்கோட்டுக்காரர் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தார். வாசல் மேடத்தின் பொறுப்பு. எந்தப் பிள்ளை யாரோடு போகிறது என்று பார்ப்பது அவர் வேலை. மேடம் போனில் இருந்தார். இவரும் போனில் இருந்தார். இவர் பெஞ்சில் இருந்து இரண்டு காதைத் தூக்கித் தோளில் போட்டார். இவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினார். கார் போய்விட்டது.

நான் வேலியோரம் கோட்டை எறிய வந்தபோது "மிளகா!" என்று அக்காவின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வேலிக்கு ஒரு வாசல் உண்டு, அதை நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை, ஏறிக் குதித்தேன். பெஞ்சின் கீழே ஒரு குட்டி பூட்ஸ் மட்டும் கிடந்தது. அக்கா இடுப்பில் குண்டுமணியோடு நின்றிருந்தாள்.

"எங்க மேடம் அவ? இங்கதான் தூங்கிட்டிருந்தா."

"யாரு? வெளியே யாரும் போகலையே. காதுக்கோட்டுக்காரர் மட்டும்தான் இப்ப பையனைத் தூக்கிட்டுப் போனாரு."

"பையன் என் இடுப்புல இருக்கான் மேடம்."

மேடத்தின் முகம் சலவை செய்த துணி மாதிரி வெளுத்தது. காதுக்கோட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறார். அக்கா குண்டுமணியை என் கையில் திணித்துவிட்டு மழையில் தெருவுக்கு ஓடினாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். கையில் அந்த ஒற்றை பூட்ஸ். ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். நான் குண்டுமணியைத் தூக்கிக்கொண்டே போய் அவளை ஓரமாக இழுத்தேன். குண்டுமணி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

கார் திரும்பி வந்தது. அந்த மனிதர் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"யாரு பிள்ளையைய்யா என் தலையில கட்டிவிட்டீங்க? என் பையன் எங்க? என் பையன் கோட்டை எவ எடுத்து எவளுக்கு மாட்டினது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிளகாய் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக வாசல்படி ஏறினாள். அக்கா ஓடிப்போய் மண்டியிட்டாள். பிள்ளை சுற்றிலும் பார்த்தாள். வாசலுக்கு உள்ளே வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஜிப்பக்கா, கார்ல பாட்டு."

யாரோ தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்த பிள்ளை. பெற்றவள் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அப்போதும் அது சட்டத்தை மீறவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது. குண்டுமணி கையில் இருந்ததால் கதவு பிழைத்தது.

அந்த மனிதர் ஒரு தடவையாவது "பாப்பா பயந்துட்டாளா?" என்று கேட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தன் பையனை வாங்கிக்கொண்டு, அவன் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, மேடத்திடம் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் எல்லாப் பெத்தவங்க முன்னாடியும் இந்தம்மா மன்னிப்பு கேக்கணும். இல்லேன்னா நான் என் பையனைக் கூட்டிட்டுப் போறேன். இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டுப் போவேன்."

மேடம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, கதவில் சாவித் துவாரம் இருந்தது.

"கோட்டை மாத்தினது நீதானே?"

"நான்தான் மேடம். தூக்கிட்டுப் போனது அவரு. வாசல்ல இருந்தது..."

"வாசல் பேச்சு இப்ப வேணாம். ஒரு வார்த்தை. கேட்டுட்டா முடிஞ்சுது. உன் பொண்ணுன்னும் சொல்லிடாதே, அது வேற வம்பு. கேக்கலேன்னா நாளன்னைக்கு நீ வர வேணாம். அவளையும் கூட்டிட்டு வர வேணாம்." பிறகு, "இன்னும் ஒண்ணு. நாளையிலிருந்து அவங்கவங்க கோட்டு அவங்கவங்களுக்கு. வானம் மூடியிருந்தா வெளியே விடாதே."

எங்கள் ஊரில் வானம் மூடாத நாளா? அதற்குப் பேசாமல் முற்றத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அக்கா மிளகாய்க்கு வெந்நீர் ஊற்றிவிட்டாள். நான் என் திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். காரின் புகைக்குழாயில் உருளைக்கிழங்கு. காரின் கைப்பிடியில் தேன். நாளை சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கோட்டை மாற்றி மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து வரிசையாக நிறுத்திவிடுவது, "எடுத்துக்கோங்க உங்க உங்க பிள்ளையை" என்று.

கடைசித் திட்டத்துக்கு அக்கா ஒரு நொடி சிரித்தாள். அப்புறம் சொன்னாள், "பிள்ளைங்களை வெச்சு வேடிக்கை காட்டினே, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்."

அத்தான் எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் லாரியின் இரைச்சலும் சேர்ந்து கேட்டது.

"ஒரு வார்த்தைதானே, கேட்டுட்டுப் போயேன். வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"எதுக்குக் கேக்கணும்?"

"எதுக்கோ. நான் தினம் ஒரு போலீஸ்காரன்கிட்ட கேக்கறேன். எதுக்குன்னா எனக்குத் தெரியும்?"

"உங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போனவன்கிட்ட, தூக்கிட்டுப் போனதுக்கு நான் மன்னிப்பு கேக்கணும். அப்படித்தானே?"

பிறகு அத்தான், "அவ என்ன பண்றா?" என்றார்.

"பாட்டு போடச் சொல்லி அழறா."

"இந்த வேலை போனா அவளை யாரு பார்த்துக்குவா? வேற எங்க சேர்ப்பே?" என்றார் மெதுவாக. அதுதான் விஷயம். அந்த வேலையோடு பிள்ளைக்கு ஓர் இடம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் பிய்த்தால் அதுவும் கூடவே வந்துவிடும். அக்காவுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

மறுநாள் காலை அநியாயத்துக்கு நல்ல வெயில். ஒரு மூலையில் கையகலத்துக்கு மேகம். மேகம் மேகம்தானே, யாரையும் வெளியே விடவில்லை. நான் துணி உதறிக்கொண்டே பார்த்தேன். கண்ணாடிக் கதவில் வரிசையாக மூக்குகள் அப்பியிருந்தன. குண்டுமணி தன் கோட்டைத் தரையில் விரித்து, கையை நுழைத்து, தலைக்கு மேல் வீசிப் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டினான். யாரும் திறக்கவில்லை. கழற்றினான். மறுபடி விரித்தான், மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி தட்டினான். சரியாகப் போடாததால்தான் கதவு திறக்கவில்லை என்று நினைத்திருப்பான் போல. அக்கா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் யாருக்கும் முதுகைக் காட்டுகிறவள் இல்லை.

அன்று மாலை, முந்தின நாள் கடையிலேயே தங்கிவிட்ட கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் முன்பக்கமாகவே போனேன். வாசல் கூடத்தில் ஈரக் குடைகளும் பெற்றோர்களுமாக நெரிசல். காதுக்கோட்டுக்காரர் போன் இல்லாமல் நின்றிருந்தார். போன் இல்லாத அவர் கன்னத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பக்கத்தில் அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், சீருடையோடு நேராக வந்திருந்தார். அவர் காப்பகத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

மேடம் கைதட்டினார். "நம்ம ஊழியர் ஒருத்தங்க உங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படறாங்க."

ஆசையாம்!

அக்கா நடைக்கூடத்திலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்டுவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"நேத்து நடந்ததுக்கு மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க" என்றாள். "கேக்கறேன்."

காதுக்கோட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். அக்கா அவரைத் தாண்டி நடந்தாள். மேடத்தையும் தாண்டினாள். பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மிளகாயின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"நேத்து நீ இங்கதான் தூங்கிட்டிருந்தே. நான் உள்ளேதான் இருந்தேன். உன்னைத் தூக்கிட்டுப் போனது எனக்குத் தெரியலைடா தங்கம். அம்மாவை மன்னிச்சுக்கோ."

மிளகாய்க்கு முகம் மாறிவிட்டது. வாசலைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். அக்காவின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"இங்க அம்மா சொல்லக் கூடாது" என்றாள், ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்ட குரலில். "இங்க ஜிப்பக்கா."

கூடம் முழுக்கக் கேட்டது.

குண்டுமணியின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமாங்க."

அந்தம்மா மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார். "இவங்க பொண்ணைத் தூக்கிட்டு வந்துட்டு, இவங்களையே மன்னிப்பு கேக்கச் சொன்னீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலையே! கோட்டு நம்ம கோட்டு..."

"கோட்டுக்கா நீங்க அப்பா?"

எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் கோட்டுகள்.

"என்ன நடந்துதுன்னு இவங்களுக்குச் சொன்னீங்களா? நான் சொல்லவா?" என்று அந்தம்மா அக்காவிடம் திரும்பினார். "கார்ல பின்னாடியிருந்து 'பாட்டு போடு'ன்னு குரல் வந்திருக்கு. இவருக்குத் தலைகால் புரியலை. வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்ததை வெட்டிட்டு எனக்குப் போன் போடறாரு. பையன் பேசிட்டான், பையன் பேசிட்டான்னு ஒரே கத்தல். குடுங்க அவன்கிட்டன்னேன். 'அம்மா எங்க?'ன்னு ஒரு குரல். என் பிள்ளை இன்னும் பேச ஆரம்பிக்கலைதான். ஆனா இது அவன் குரல் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? வண்டியை நிறுத்தித் திரும்பிப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

அந்த மனிதர் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேசிட்டான்னு நினைச்சேன்" என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையை அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நிம்மதியாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா எழுந்தாள். "பேசுவான் சார். 'போ'ன்னு தெளிவா சொல்றான். டயப்பர் மாத்தறப்பல்லாம் என்னைப் பார்த்துச் சொல்றான்."

"போ-வா?" அவர் நிமிர்ந்தார். "நிஜமாவா? எப்பலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தம்மா விடவில்லை. "இவன் கோட்டுல ஒரு பொட்டுச் சேறு இல்லையே, இன்னைக்கு ஏன் பிள்ளைங்க வெளியே போகலை? நான் டூட்டியிலிருந்து பார்த்தேன், அப்படி வெயில் அடிச்சுதே?"

அக்கா மேடத்தைப் பார்த்தாள். எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஓர் அப்பா, "அது சரி, வாசல்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஒரு கோட்டுக்குப் பின்னாலிருந்து "ஆமா, யாரு?" என்றேன், குரலை மாற்றி.

மேடம் சிரித்தார். இருக்கிற பல் அத்தனையும் தெரிந்தது. "அது ஒரு நாளைக்குத்தாங்க. நாளையிலிருந்து வழக்கம் போல விடச் சொல்லிட்டேனே. இவங்க இல்லாம இந்த இடம் நடக்குமா?" என்று அக்காவின் தோளில் கையை வைத்தார். வைத்த கையைப் பார்க்க வேண்டுமே. முந்தின நாள் "நீ வர வேணாம்" என்று கதவைக் காட்டிய அதே கை. அக்கா தோளைக் குலுக்கவில்லை, தட்டிவிடவில்லை. குனிந்து ஒரு பிள்ளையின் ஜிப்பை இழுத்துவிட்டாள். கை தானாக விழுந்தது.

மறுநாள் இடியும் வெயிலுமாக விடிந்தது. இரண்டு அணியும் முற்றத்தில் இறங்கின, யார் கோட்டோ யார் முதுகிலோ. அக்கா வேலைக்குப் போனாள், வேலையிலேயே இருக்கிறாள். எங்கள் வீட்டில் இதை வெற்றி என்கிறார்கள். அத்தான் போனில் "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குத்தான் அதை வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. மிளகாய்க்கு இப்போது அனுமதி உண்டு. உள்ளேயும் அம்மா என்று கூப்பிடலாம் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவள் கூப்பிடுவதில்லை. வாசலைத் தாண்டினதும் வாய் தானாக மாறிக்கொள்கிறது. "அம்மா சொல்லுடி" என்றால் சந்தேகமாகப் பார்க்கிறாள், ஏதோ மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்பது போல. அந்தப் பார்வைக்கு யாரைப் பிடித்து மன்னிப்பு கேட்க வைப்பது? அதை எந்தக் கூட்டத்தில் வைத்துக் கேட்பார்கள்?

காதுக்கோட்டுக்காரர் தினமும் வருகிறார். காரை இன்னும் தப்பான இடத்தில்தான் நிறுத்துகிறார். ஆனால் போனைக் காரிலேயே விட்டுவிடுகிறார். பெஞ்சின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தொப்பியை இரண்டு விரலால் தூக்கி, முகத்தைப் பார்க்கிறார். "போ சொல்லு, போ சொல்லு" என்று கெஞ்சுகிறார். குண்டுமணி சிரிக்கிறானே தவிர சொல்வதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள், அவருக்கும் சேர்த்து.

அக்காவிடம் அவர் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. அக்கா அதை மறந்துவிட்டாளாம். நான் மறக்கவில்லை. சலவைக் கடையில் உருளைக்கிழங்கு ஒன்று பத்திரமாக இருக்கிறது.